பாக்கி

மஸ்ஜித் பந்தரில் ஆகஸ்ட் மழை.
தானே லோக்கல் கடக்கும்போதெல்லாம்
முர்த்தஸா சேட் குடோனில்
தராசுத் தட்டு தானாக ஆடும்.

மொம்பாசாவிலிருந்து வந்த ம்வானாயிதி
பதினான்கு பேல் துணியையும் பிரித்துப் போட்டு
குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறாள்.
மூன்றில் ஈரம்.

சேட்டுக்கு ஸ்வாஹிலி வராது.
அவளுக்கு குஜராத்தி வராது.
அதிராம்பட்டினத்து நெய்னா எனக்கு
இரண்டும் அரைகுறை.
நடுவில் உட்கார்ந்து
இங்கிலீஷை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டு
சண்டையை இந்தக் கரையில் ஏற்றி
அந்தக் கரையில் இறக்குகிறேன்,
வழியில் கொஞ்சம் மிளகாயை எடுத்துவிட்டு.

"ஹெசாபு" என்கிறாள்.
"ஹிஸாப்" என்கிறார்.
"பாக்கி" என்கிறாள்.
"பாக்கி" என்கிறார்.
இருவரும் என்னைப் பார்க்கவில்லை.
இந்தச் சொற்களுக்கு
நான் பிறப்பதற்கு முன்பே யாரோ
கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜன்னல் வழியாகச் சாரல்.
"கூசி" என்று முகத்தைத் துடைக்கிறாள்.
எங்கள் கடற்கரையில் கச்சான்.
அவளுடைய கஸ்காஸி எங்களுக்கு வாடை.
காற்றுக்கு மட்டும் ஊருக்கு ஊர்
சொந்தப் பேர் வைத்திருக்கிறோம்.

இதே கச்சானுக்காக
எந்த நூற்றாண்டிலோ ஒருத்தன்
கில்வாவில் கிடந்திருப்பான், மாதக்கணக்கில்,
கம்பாயத்துச் சிவப்பு மணியை விற்றுவிட்டு
உள்நாட்டுப் பொன்னை இடுப்பில் முடிந்துகொண்டு.
அவன் பையில் எத்தனையோ சுல்தான்கள்
ஒருவர் மேல் ஒருவர் உரசிக்கொண்டு:
டெல்லி, கெய்ரோ, ஏடன்.
காசுமாற்றுகிறவன் ஒன்றைப் பல்லில் கடித்துவிட்டுச்
சொல்லியிருப்பான்:
"இவர் போன ரமலானிலேயே போய்விட்டார்.
எடைக்குத்தான் எடுப்பேன்."

ஏற்றிய சரக்கு: துணி, அரிசி, இரும்பு.
திரும்பும்போது: தந்தம், அம்பர்,
ஆட்கள்.
கடைசிச் சொல்லில் எனக்கு
நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
அதையும் ஒருவன் எழுதித்தான் இருப்பான்,
என்னைப் போல் ஒரு கணக்கப்பிள்ளை,
இத்தனை தலை என்று,
அழகான கையெழுத்தில்,
கூட்டலில் பிழையில்லாமல்.

"என்ன யோசனை, நெய்னா? எழுது."

நனைந்த மூன்றுக்கும் பாதி விலை.
தீர்ந்தது.
ம்வானாயிதி எச்சில் தொட்டு எண்ணி
நோட்டுகளை மேசையில் அடுக்குகிறாள்.
எழுநூறு ரூபாய் குறைகிறது.
அவள் பையில் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.
நான் பார்த்தேன். சேட் பார்த்தார்.
நாங்கள் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
நிதானமாக ஜிப்பை இழுத்து மூடினாள்.

கேட்பார் என்று நினைத்தேன்.
பையனைக் கூப்பிட்டு
மூன்று டீ சொன்னார்,
ஒன்றில் இஞ்சி தூக்கலாக.

அவள் தன் டஃப்தாரியைத் திறந்து
பாக்கி என்று எழுதினாள், அவள் எழுத்தில்.
சேட்டின் சிவப்பு நோட்டில்
பாக்கி என்று எழுதினேன், தமிழில்.
இருபது வருடமாக அவர்
அதை மட்டும் திருத்தச் சொன்னதில்லை.

"டிசம்பரில் இங்கே குளிருமா?" என்று கேட்டாள்.
"குளிராது. வாடை அடிக்கும்."

மழைக்காலத்தில் மை காய நேரமாகும்.
குனிந்து
அந்த எழுநூறின் மேல் ஊதினேன்.