இரண்டாவது கொக்கி

காலை ஐந்தரைக்குத் துவாஸ் விடுதி வாசலில்
லாரி வந்து நின்றது, ஏற்றிக்கொண்டு போனது.
என் இடத்தில் ஒரு சிமெண்டு மூட்டை
உட்கார்ந்திருந்தது.

கைப்பேசிச் செயலியில் என் பெயருக்குக் கீழே
இப்போது ஒற்றைச் சொல்: ரத்து.
படத்தில் முகம் அதே முகம்தான்,
மீசையை மழிக்குமுன் எடுத்தது.

பயிற்சியின் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றைத்தான்:
பெல்ட்டில் இரண்டு கொக்கி.
ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றாதே.
சூப்பர்வைசர் கத்தினாலும், மூத்திரம் முட்டினாலும்.
மாட்டு, இழுத்துப் பார், பிறகு கழற்று.
பதினெட்டாம் மாடிச் சாரத்தில் நாலு வருஷம்
அப்படித்தான் நடந்தேன்.

பெர்மிட்டுக்கு ஒரே கொக்கி.
அதன் மறுமுனை
கம்பெனி ஆபீஸ் இழுப்பறையில் கிடந்தது,
ஸ்டேப்ளர் ஊசிகளோடு.

அறையில் பன்னிரண்டு பேர், பதிமூன்று யோசனை.
டிக்கெட் தந்தால் வாங்கிக்கொண்டு போய்விடு
என்றான் அரியமுத்து, சப்பாத்தி பிய்த்துக்கொண்டே.
ரஃபிகுல் தனக்குத் தெரிந்த தமிழில் சிரித்தான்:
"மூணு மாசம் சம்பளம் இல்ல.
டிக்கெட் ஒரே நாள்ல வருது, பாத்தியா?"
புகார் கொடு என்றான். சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள்.
அதுவரை ஸ்பெஷல் பாஸ்:
இருக்கலாம், சம்பாதிக்கக் கூடாது.
அவன் ஏழு மாதம் அப்படி இருந்தவன்.
ரோவல் ரோட்டுச் சாப்பாட்டு டோக்கன் ஒன்று
இன்னும் அவன் பர்ஸில் இருக்கிறது.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

கம்பெனி மாறிவிடலாம் என்றார்
காக்கி புக்கிட் மாசிலாமணி, போனில்.
தெரிந்த இடம், சாரம் கட்ட ஆள் தேவை,
சம்பளம் தேதி தவறாது.
பிறகு தொண்டையைச் செருமினார்.
அந்தச் செருமலின் விலை மூவாயிரம் வெள்ளி.
வந்த கடனே பாதி நிற்கிறது.

இன்னொரு வழியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மேல்படுக்கை காலியாகி ஒரு மாதம்.
எங்கேயோ வேலை செய்கிறானாம்,
பகலில் வெளியே வருவதில்லையாம்.
அவன் துவைத்த நீலச் சட்டை கொடியில் காய்ந்துபோய்த் தொங்குகிறது.
சைரன் கேட்டால்
எல்லோரும் அந்தச் சட்டையைப் பார்ப்போம்.

பத்து மணிக்கு ஸ்டோரில் சாமான்களை ஒப்படைத்தேன்.
ஹெல்மெட் ஒன்று. பெல்ட் ஒன்று.
மிஸ்டர் கோ இரண்டு கொக்கிகளையும்
அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்த்தார்.
"ஸ்டில் குட் லா," என்றார்.
பெல்ட்டைத்தான் சொன்னார்.

மேலே ஆபீஸில் ஒரு தாளை நீட்டினார்கள்.
பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று
ஆங்கிலத்தில் நான் சொல்லியிருந்தேன்.
பேனாவும் கொடுத்தார்கள், மூடியைக் கழற்றி.
வயிறு சரியில்லை, இதோ வருகிறேன் என்று
பின்கேட் வழியாக நடந்தேன்.
பேனா இன்னும் சட்டைப் பையில்.

பஸ் நிறுத்தத்தில் சந்தனமாரியின் அழைப்பு.
இங்கே மழை, வேலை இல்லை என்றேன்.
"நேத்தும் மழைன்னீங்க."
ஆமாம்.
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"சிங்கப்பூர்னு போட்டா போன்ல காட்டுதுங்க.
நாலு நாளா வெயில்."

வெயில்தான்.
என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.

"எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"
இல்லை.
"போடாதீங்க. எங்கண்ணன் குவைத்துல
போட்டுட்டு வந்துதான் இப்படி நிக்குது.
புகார் எங்க கொடுக்கணுமோ அங்க போங்க.
வட்டிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."
என்ன பேசுவாய் என்றேன்.
"அது என் பாடு."

பெண்டிமியர் ரோட்டுக்கு எப்படிப் போவது என்று
பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்மணியிடம் கேட்டேன்.
பஸ், பிறகு ரயில், பிறகு மாறி இன்னொரு ரயில் என்று
விரல்விட்டுச் சொன்னார்.

பஸ் வந்தது.
சரி, வைக்கிறேன் என்றேன்.
"ஏறிட்டீங்களா?"
இல்லை, இனிமேல்தான்.
"ஏறுங்க மொதல்ல," என்றாள்.
"ஏறி உக்காந்தப்புறம் வைக்கலாம்."