ஒரு படி தள்ளி

திரியேஸ்தேயில் போரா காற்று.
தெருமுனையில் கயிறு பிடித்து நடக்கிறார்கள்.
கரும்பலகையில் நெவென்கா
ஒரு புள்ளியை அனுப்புகிறாள்.
இரண்டுக்கும் பொதுவான வெளிக்குத் தூக்கி,
கருவால் பெருக்கி,
மறுபக்கம் இறக்கினால்
வளைவு முழுக்கப் படர்ந்த கற்றை.
இறக்கும்போது சிந்துவதையும்
அடுத்த படியில் ஏந்திக்கொள்ளும் ஃபங்க்டர்.

திருப்பி அனுப்பினாள்.
புள்ளி வந்தது.
"குறியைப் பார்," என்றான் துய்லியோ,
வாய் நிறைய ரொட்டியோடு.
கழித்தல்.
ஒரு படி தள்ளியும் நின்றது.

பிழை தேடி மூன்று நாள்.
பிழையில்லை.

நான்காம் நாள் லுப்லியானா போய்
அக்காவைப் பார்த்துவிட்டு
இரவுப் பேருந்தில் திரும்பினாள்.
சாவி அதே பூட்டில்தான் நுழைந்தது.
சுவிட்சுக்காகக் கை
எதிர்ச்சுவரைத் தடவியது.