ஊசி தாவும் இடம்

டனீடன், தொண்ணூறாம் ஆண்டு ஜனவரி.
கோடை என்று பெயர்தான்.
துறைமுகக் காற்றுக்குப் பயந்து
ஜன்னல் இடுக்கில் அட்டை செருகியிருந்தோம்.
கீழே மீன் வறுக்கும் கடை,
மேலே நாங்கள் நால்வர்,
நடுவில் ஒரு பத்தாண்டு
பால் பெட்டிகளில் முதுகு காட்டி நின்றது.

பத்தே ஆல்பம். பதினொன்று கூடாது.
வெள்ளி இரவு மாணவர் வானொலியில்
வாசித்தாக வேண்டும்.

முதலிடத்துக்குச் சண்டையே இல்லை.
"கண்ணாடி மாகாணம்" என்றதும்
எல்லோரும் தலையாட்டினோம்.
நைரிதான் கேட்டாள்:
அதில் கடைசிப் பாட்டு எப்படி முடியும்?
மர்டாக் தாடியைச் சொறிந்தான்.
ஹேமி சிகரெட்டைத் தேடினான்,
அது அவன் வாயிலேயே இருந்தது.
எனக்கும் தெரியாது.
முதலிடம் முதலிடமாகவே இருந்தது.

இருட்டுவதற்குள் முப்பதைக் கொன்றோம்.
சின்தசைசர் அதிகம் என்று சில.
பாடகனின் தலைமுடி பொறுக்காமல் ஒன்று.
இன்னொன்றை ஹேமியின் பழைய காதலி
பிரிந்தபோது எடுத்துப்போய்விட்டாள்.
கையில் இல்லாததற்கு
அரை மணி நேரம் வாதாடினான்.
ஆல்பத்துக்காக என்றே
நாங்களும் வைத்துக்கொண்டோம்.

பத்தாவது இடம். என் முறை.
ஒட்டுப்போட்ட உறையிலிருந்து
"உப்பு விடுமுறை"யை உருவினேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
"போகாதே என்று சொல்ல வந்தேன்"
என்பான் பாடகன், உலகத்துக்கெல்லாம்.
என் தட்டில் ஒரு கீறல்.
"போ" என்றதும் ஊசி துள்ளி
"சொல்ல வந்தேன்" மேல் விழும்.
போ, சொல்ல வந்தேன்.
போ, சொல்ல வந்தேன்.
பதினேழு வயதில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான்
இன்வர்கார்கிலில் பஸ் ஏறினேன்.
நிலையத்தில் லாக்லனும் ஏதோ சொல்ல வந்தான்.
இன்ஜின் சத்தம்.

மூன்று வருடம் கழித்து
ஒரு காலணிக் கடையில் முழு வரியையும் கேட்டேன்,
ஒரு காலில் செருப்போடு.

"ரோனா, நாம் தேர்ந்தெடுப்பது ஆல்பத்தை,
உன் தட்டை இல்லை" என்றான் மர்டாக்.
சரிதான்.
போட்டுக் கேட்போம் என்றாள் நைரி.
போட்டோம். தாவியது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கீழே எண்ணெயில் எதுவோ விழுந்து சீறியது.
இரண்டுக்கு இரண்டு.
அப்புறம் மர்டாக் பென்சிலை எடுத்து,
பத்து என்று போட்டு,
எழுத்துப்பிழையோடு எழுதினான்.

வெள்ளி இரவு
வானொலிக்காரர்கள் தங்கள் பிரதியை ஒலிக்கவிட்டார்கள்.
கீறலே இல்லாத புதுத் தட்டு.
"போகாதே" என்றது ஊருக்கெல்லாம், தெளிவாக.
பாத்திரம் கழுவிக்கொண்டே கூடப் பாடிய நான்
பழக்கத்தில் தாவிவிட்டேன்,
பாடகனுக்கு ஒரு மூச்சு முன்னால்.

அந்த அலைவரிசை மலையைத் தாண்டாது.
இன்வர்கார்கில்
இரண்டரை மணி நேரத் தொலைவு.