நிலுவை இல்லை

மனுத்தாக்கல் முடிய ஒரு நாள்.
குன்னூர் நகராட்சி, வரி கவுன்ட்டர்.
பள்ளத்திலிருந்து ஏறி வந்த மஞ்சு
ஜன்னல் கம்பிக்குள் கை விட்டுக்கொண்டிருந்தது.
சர்வர் படுத்து அரைமணி.

மாதன் ஹாலன், சுயேச்சை,
வரிசையில் பதினோராவது ஆள்,
சுவரொட்டியில் இருப்பதைவிடக் குள்ளம்.
"வீட்டுவரி பாதி!" என்று
நேற்று பெட்போர்டில் முழங்கியவருக்கு
நான்கு அரையாண்டு பாக்கி.
சான்று இல்லாமல் மனு நிற்காது.
நான் சிரிக்கவில்லை; உத்தியோகம்.

எண்ணி வைத்த நோட்டில் பூச்சி உருண்டை வாசம்,
யாருடைய புடவைப் பெட்டியோ.

"போன மழையில் ஒரு அறை
மண்ணோடு சரிந்து ஓடைக்குப் போயிடுச்சு.
அதுக்கும் சதுர அடி போட்டிருக்கீங்களே, தங்கச்சி?"

படிவம், இரண்டு நகல், சர்வேயர் கையெழுத்து,
அப்புறம் மேலே போகணும், என்றேன்.
"மேலே யாரு?"
மேலே ஐந்து மாதமாக ஒரு காலி நாற்காலி.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் மார்க்கெட் முனையில் அதே குரல்,
ஒலிபெருக்கியில் கொஞ்சம் உயரமாக:
இல்லாத அறைக்கு வரி!
இல்லாத அதிகாரிக்கு ஜீப், டீசல்!
ஒரு வேலைக்கு ஒரே படிவம், ஏழே நாள்!

டீசல் கணக்கு நான் எழுதுவது.
ஸ்வெட்டர் கைக்குள்ளேயே
இரண்டு தட்டு தட்டியிருப்பேன்.

பாதி வரியில்
மாரக்கா கேட்டுக்கொண்டே இருக்கும் கையுறையை
எந்தத் தலைப்பில் எழுதுவது?
அதை அவர் சொல்லவில்லை.
கேட்டிருக்கலாம்.
வெலிங்டன் பஸ் வந்துவிட்டது,
கடைசி வண்டி,
அதிலும் நிற்கத்தான் இடம்.