ஆறு பார்

ஆறு பார், என்றார் இன்ஜினியர் போனில்.
நதியைப் பார்க்கச் சொல்லவில்லை,
காபியை ஆற்றச் சொல்லவுமில்லை.
விடியும்வரை அழுத்தமானியின் முள்
ஆறில் நிற்க வேண்டும்.
இறங்கினால் என்னை எழுப்பு என்றார்.
நான் தூங்குவதாக உத்தேசமே இல்லை.

கோத்தகிரி. தை இரண்டாம் வாரம்.
ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை.
மகப்பேறு வார்டு என்று சாக்பீஸில் எழுதிய சுவருக்குள்
சாக்கு இரண்டு, தார்ப்பாய் ஒன்று, நான்.
தரையில் தெர்மாகோல் பலகை, மேலே கம்பி வலை,
வலையோடு கட்டிய வெள்ளைக் குழாய் ஏழு சுற்று.
ஒவ்வொன்றும் எண்பது மீட்டர், ஒட்டே கிடையாது.
ஒட்டு வைத்தால்
நாளைக்குச் சிமெண்டுக்குள் போய்த் தேடுவது யார்?

நத்தை ஓட்டைப்போல் சுருண்டு உள்ளே போய்
போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பும்.
சூடாகப் போகிற நீரின் விலாவில்
ஆறிப்போய் வருகிற நீர்.
ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்ட
எங்கே கால் வைத்தாலும் ஒரே கதகதப்பு.
இதை எனக்குப் புரியவைக்க
இன்ஜினியர் மூன்று படம் வரைந்தார்.
கலவை போடும் சந்திரமலர் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"சம்பளம் வாங்கின வாரமும் மாசக் கடைசி வாரமும்
ஒரே வீட்ல ஒண்ணா இருக்கிற மாதிரி."

பதினொன்று: ஆறு.
பன்னிரண்டரை: ஆறு.
இரண்டு மணிக்கு ஐந்தே முக்கால்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மண்டியிட்டு வளைவு வளைவாகத் தடவினேன்.
ஈரமில்லை. சீறலில்லை.
முடிக்கும்போது மூன்றேகால்,
விரல் எது குழாய் எது என்று தெரியவில்லை.
வெளியே பள்ளத்துப் புல் வெளுத்துக்கொண்டிருந்தது.
இன்ஜினியரை எழுப்பவில்லை.
இந்தக் குளிரில் நானே இரண்டு பார் இறங்கிவிட்டேன்,
தண்ணீர் சுருங்காதா?

ஏழரைக்கு
தேயிலையைத் தாண்டி வந்த வெயில் குழாயைத் தொட்டது.
முள் அசைந்தது.
ஆறு.
"ஊத்தலாமா?" சந்திரமலர்.
ஊற்று.
பத்து நாள் வேலை பதினொரு மணிக்குள்
காணாமல் போனது.

மாசிக் கடைசியில் வந்தது பெட்டி, ஏசிக்கு அண்ணன் மாதிரி.
வெளியே நின்று குளிரையே பிழிந்து
சூட்டை உள்ளே அனுப்புமாம்.
ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு.
வட்டிக்கடையா என்றேன்.
காற்றில் கிடப்பதைத்தான் எடுக்கிறது என்றார்.
நீர் முப்பத்தைந்து டிகிரி போதும்,
காய்ச்சல் இல்லாத உடம்பைவிட இரண்டு குறைவு.
என் வீட்டுக் கரியடுப்பில்
முகம் வேகும், முதுகு விறைக்கும்,
புகை போகக் கதவைத் திறந்தால் இரண்டும் விறைக்கும்.

கோவையில் இதே குழாயில்
சித்திரைக்குக் குளிர்ந்த நீர் ஓடுகிறதாம்.
தரை வேர்க்காமல் பார்த்துக்கொண்டால் போதுமாம்.
தரைக்கு வேர்க்கும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எடுத்தவுடன் முறுக்கக் கூடாது.
மூன்று நாள் இருபத்தைந்தில், பிறகு மெதுமெதுவாக.
ஐந்தாம் நாள் கதவிடுக்கில் நுழைந்தது
சைட் நாய். பெயர் மேஸ்திரி.
மூக்கால் அளந்து நடந்து
மூன்றாம் கட்டில் வரவேண்டிய இடத்தில் படுத்தது.
ஜன்னலோரம் போகவேயில்லை.
இன்ஜினியர் கேமராவை எடுத்தார்.
திரை முழுக்கச் சிவப்பு, மஞ்சள்,
ஜன்னலோரம் மட்டும் நீலம்.
நான் செருப்பைக் கழற்றி நடந்தேன்.
ஐந்தாவது சுற்று. உள்ளே காற்று அடைத்திருக்கிறது.
சாவியைத் திருக
பால் குடித்த பிள்ளையின் முதுகைத் தட்டினாற்போல்
ஓர் ஏப்பம்.

ஒப்படைக்கும் நாள் ஸ்டோர்கீப்பர் வந்தார்,
பேரேட்டைத் திறந்தார்.
"ஹீட்டர் எத்தனை?"
தரை, என்றோம்.
தரை என்று எழுதக் கட்டமில்லை அதில்.
ஷூவைக் கழற்றிப் பாருங்கள் என்றேன்.
யோசித்தார். சாக்ஸில் ஓட்டை இருந்திருக்கும்.
"அந்த நாயை நாளைலேர்ந்து உள்ள விடக்கூடாது"
என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

நாளைக்குத்தானே.
மேஸ்திரியை உள்ளே விட்டு
கதவை இறுக்கிச் சாத்தினேன்,
சூடு வீணாகக் கூடாது பாருங்கள்.