கூடுதல் கிண்ணம்

ஓசூர் சிப்காட், பிப்ரவரிப் பனி.
கேன்டீன் அடுப்பை இன்று
பார்க் மேடம் வாங்கிக்கொண்டார்.

பாகலூர் ரோடு மில்லில்
ஈர அரிசி அரைத்து வந்தவன் நான்தான்.
இடியாப்பத்துக்கு என்று நினைத்தேன்.
அவித்து, இடித்து, உருட்டி
வெள்ளைக் கயிறாக நீட்டினார்.
ஆயுள் இப்படி நீளணுமாம்.
பிறகு அதையே சாய்த்து அரிந்தார்,
காசு காசாக.
ஆயுளை நறுக்கித்தான் காசு.
முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்ததுதான்.

எலும்புச் சாறு, முட்டைக் கீற்று,
மேலே கருத்த கடற்பாசி.
"குடிங்க மாதப்பன்.
இன்னிக்கு எங்க வருஷப் பிறப்பு.
ஒரு கிண்ணம், ஒரு வயசு."

கையை இழுத்துக்கொண்டேன்.
ராயக்கோட்டைப் பள்ளியில்
தலையைச் சுற்றிய கை காதை எட்டியதென்று
இரண்டு வயசு கூட்டி எழுதினார் வாத்தியார்.
ஆதாரிலும் அதுவே.
மார்ச்சோடு ஐம்பத்தெட்டு,
கேட் பாஸைத் திருப்பித் தரணும்.

"ரெண்டு கிண்ணம் முன்னாடியே குடிச்சவன் மேடம்."

மொழிபெயர்க்கும் பெண்
சிரிக்காமல் அதைச் சொன்னாள்.

மேடமும் சிரிக்கவில்லை.
அவர் நாட்டில் சட்டம் போட்டு
எல்லோர் வயசையும் குறைத்துவிட்டார்களாம்.
அவருக்கும் ஒன்று குறைந்ததாம்.
ஆனால் சூப்பை யாரும் விடவில்லையாம்.

ஆறிக்கொண்டிருந்தது.
உப்பு கொஞ்சம் கம்மி.
போட்டுக் குடித்தேன்.