நூற்றியொன்று

தெற்கு டகோட்டாவில்
நூறு டாலர் வரை பெயர் தேவையில்லை.
ஒரே வரியில் முடித்துவிடலாம்:
சில்லறை நன்கொடை, மொத்தம் இவ்வளவு.
நூறைத் தாண்டினால்தான்
பெயர், தெரு, ஊர்.

வெல்டா ஹாஃபருக்கு இது
என்னைவிட நன்றாகத் தெரியும்.
இத்தனைக்கும் நான் பொருளாளர்.

மார்ச்சில் இருபது. பனி இளகிய மண்சாலை,
காலணியெல்லாம் சேறு, வாசலிலேயே நின்று கொடுத்தாள்.
மே மாதம் பதினைந்து.
எல்லாம் ஒற்றை டாலர் தாள்கள்,
முதியோர் இல்லத்தில் வியாழக்கிழமைதோறும்
தலைமுடி சுருட்டிவிட்டு வாங்கும் இனாம்.
அந்த மருந்து நெடி
எண்ணிய என் விரலிலும் ஒட்டிக்கொள்ளும்.
காசோலை வேண்டாம் என்பாள்.
காசோலையில் ஆர்லன் பெயர்தான் முதலில் அச்சாகியிருக்கிறது.
ஆர்லனின் புல்வெளியில்
எதிர் வேட்பாளரின் பலகை, ஆள் உயரம்.
அதைச் சுற்றிப் புல் வெட்டுவது
வெல்டா.

எங்கள் ரோனா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
மாநில அவைக்கு நிற்கிறாள்.
அவளுக்கு வந்ததெல்லாம் இப்படித்தான்:
பால் பண்ணைக்காரி தந்த பத்து,
விதவை ஒருத்தி அனுப்பிய ஏழரை,
ஏன் அந்த அரை என்று நான் கேட்கவில்லை.
எதிராளியின் கணக்கை ஒருமுறை திறந்து பார்த்தேன்.
ஒரே வரி. ஒரே கையெழுத்து.
என் நோட்டில் அது பதினொரு பக்கம்.

செப்டம்பரில் கூட்டிப் பார்த்தோம், சரியாக நூறு.
"போதும் வெல்டா, இதோடு நிறுத்திக்கொள்."
தலையாட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் கடைசி.
அறுவடை இயந்திரங்கள் இரவிலும் விளக்கெரியச்
சோளக்காட்டில் ஊர்ந்த வாரம்.
நள்ளிரவுக்குள் கணக்கை அனுப்ப வேண்டும்.
ஒன்பதரைக்கு என் சமையலறைச் சுவரில்
வண்டி வெளிச்சம் திரும்பியது.
ஆர்லனுடைய வண்டி.
இறங்கியது அவள்.

மேசைமேல் ஒரு டாலர் வைத்தாள்.
மடிப்பை நகத்தால் நீவினாள்.

"இது எல்லோர் கண்ணிலும் படும்" என்றேன்.
"தெரியும்."
"ஆர்லன்?"
"அவருக்கு வாசிக்கத் தெரியும்."

பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்,
முப்பது வருடமாக நான் அறியாத பெயர் போல.
வெல்டா ஜூன் ஹாஃபர்.
ஜூனை விட்டுவிடாதே என்றாள்.

ரோனா தோற்றாள். முன்னூற்றுச் சொச்சம் ஓட்டு.
பலகைகளைப் பிடுங்கிய வாரம்
அந்தப் பக்கமாகப் போனேன்.
ஹாஃபர் வீட்டுப் புல்வெளியில் இரண்டு துளை.
அவற்றைச் சுற்றி மட்டும்
வெட்டாத புல், பழுத்து,
கணுக்கால் உயரம்.